பெரட்டும் புரட்டும்

கண்டி நகரை விட்டு வத்துகாமம் வழியாகப் பன்விலையைக் கடந்து மேலே ஏறினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியிலே மடுல்கெல்ல. எத்திசை நோக்கினும் தேயிலை. அத்தேயிலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயம் ஒன்றின் இஸ்தோப்பில் சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில் நாம் அமர்ந்திருந்தோம். மலையிலிருந்து இறங்கி வந்த தாய் ஒருவர் கை கால் கழுவிவிட்டு எம்மெதிரே உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலும் அவர் மகள் தம் கைத்தொலைபேசியை எடுத்து நீட்டினார்.

"பேசுங்கம்மா. நீங்க பேசுறத இது தமிழ்லயே எழுதிக் காட்டும்."

தாய் சிரித்துக்கொண்டே பேசினார்: "விடியக்காலம் பெரட்டுக்குப் போனேன். பதினாலு கிலோ கொழுந்து எடுத்தேன். அரைப்பேர்தான் போட்டாங்க."

இயந்திரம் இமைப்பொழுதில் எழுதி முடித்தது. மகள் வாசித்தார்: "விடியற்காலம் புரட்டுக்குப் போனேன். பதினாலு கிலோ குழந்தை எடுத்தேன். அறை பேர்தான் போட்டாங்க."

லயமே சிரித்தது. நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பின் அந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. "நான் புரட்டுக்குப் போகல, பெரட்டுக்குத்தான் போனேன்னு அதுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார்.

அன்பர்களே! இவ்வாரம் நாம் எழுத வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

பெரட்டு என்றால் என்ன என்று மலைநாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். விடியுமுன் தொழிலாளர் ஒன்றுகூடி அன்றைய வேலையைப் பெற்றுக்கொள்ளும் இடம் பெரட்டுக்களம். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கு ஏற்ப எம் முன்னோர் வளைத்துக்கொண்டனர். பேர் என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. குறிப்பிட்ட நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைநாட் சம்பளம். இயந்திரம் எழுதியதில் பெரட்டு புரட்டாயிற்று, கொழுந்து குழந்தையாயிற்று, பாதிச் சம்பளம் பறிபோன செய்தி பொருளற்ற உளறலாயிற்று. ஒரு தொழிலாளியின் முறைப்பாடு முழுவதும் மூன்றே வரிகளில் அழிந்துபோயிற்று!

இது விளையாட்டுப் பொருளின் பிழை, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்பார் உளர். அவர்களுக்குச் சொல்கிறோம்: இன்று விளையாட்டுப் பொருளாக இருப்பது நாளை அலுவலகத்துக் கதிரையில் அமரும். வங்கியின் தொலைபேசியில் அது பேசும். மருத்துவமனையில் நோயாளி கூறுவதைக் குறிப்பெடுக்கும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டை எழுதும். பேசினால் எழுதும் கருவி கைக்கு வந்தபின், எழுதத் தெரிந்த உத்தியோகத்தரை யார் சம்பளம் கொடுத்து வைத்திருப்பர்? அந்நாள் வரும்போது மடுல்கெல்லைத் தாயின் வாக்குமூலத்தில் "புரட்டுக்குப் போனேன்" என்று இருக்கும். கையொப்பமும் அவருடையதாகவே இருக்கும்!

இதற்குத் தமிழ் கற்பித்தவர் யார்?

இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. அது கேட்டதைக் கற்கிறது, கேளாததை அறியாது. ஆழ்கற்றல் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறை மந்திரமன்று. ஒலியையோ படத்தையோ எண்களாக மாற்றி, அவ்வெண்களை அடுக்கடுக்கான கணக்குகளின் ஊடே செலுத்தி, இறுதியில் ஒரு விடையை ஊகிக்கச் செய்கின்றனர். ஊகம் பிழைத்தால் அப்பிழையைப் பின்னோக்கி எடுத்துச் சென்று, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துகின்றனர். கோடிக்கணக்கான தடவை இவ்வாறு திருத்தப்பட்ட பிறகு விடை சரியாக வரத் தொடங்குகிறது. இவ்வழியை 1986-இல் ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் என்னும் மூவர் உலகறிய விளக்கினர். அம்மூவருள் ஹின்டனுக்கு ஹொப்ஃபீல்டுடன் சேர்த்து 2024-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அது யாருடைய பேச்சைக் கேட்டு வளர்ந்தது? 2022-இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட 'விஸ்பர்' என்னும் பேச்சறி இயந்திரம் 680,000 மணித்தியாலப் பேச்சைக் கேட்டுப் பயின்றது. அவற்றுள் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளும் தத்தம் எழுத்தில் எழுதப்படும் பயிற்சிக்குக் கிடைத்தவை எல்லாம் சேர்ந்து 117,000 மணித்தியாலம். அதாவது ஆறில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைத்தான் தமிழும் மற்ற 95 மொழிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அத்தமிழுக்குள் மலைநாட்டுத் தமிழுக்குக் கிடைத்த துளி எவ்வளவு என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியா விழித்துக்கொண்டது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஏஐ4பாரத்' குழுவினர் 2024-இல் வெளியிட்ட 'இண்டிக்வாய்சஸ்' தொகுப்பில் 22 மொழிகள், 16,237 பேர், 7,348 மணித்தியாலப் பேச்சு. அதில் பெரும்பகுதி தாளைப் பார்த்துப் படித்த பேச்சன்று. மக்கள் தம் வாயாற் பேசிய இயல்பான பேச்சு. பாராட்டுகிறோம். ஆனால் அவர்கள் சென்றது இந்தியாவின் 145 மாவட்டங்களுக்கு. கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் அப்பட்டியலில் இருக்க முடியாது. இருக்க வேண்டும் என்று கேட்கவும் நமக்கு உரிமையில்லை. அது அவர்கள் நாடு, அவர்கள் மக்கள், அவர்கள் வரிப்பணம்.

நம் நாட்டில் என்ன நடந்தது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தார் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் கருவியைச் செய்தனர். 2019-இல் அங்குள்ள ஆய்வாளர் இரு மொழிகளிலும் வங்கிச் சேவைக்குரிய பேச்சுக் கட்டளைகளை இயந்திரத்துக்குக் கற்பித்தும் காட்டினர். தமிழுக்குக் கிடைத்த பதிவுகள் சில நூறே. சிறு பொருளைக் கொண்டு அவர்கள் செய்த முயற்சியைக் குறை கூறோம். கையில் கிடைத்ததைக் கொண்டு அவர்கள் சமைத்தனர். அரிசி கொடுக்காதவர் யார் என்பதே எம் கேள்வி.

கொச்சை என்பார்க்கு ஒரு சொல்

அரிசி கொடுக்காதவர்களுள் முதல்வர் நாமே! ஆம், இப்பத்திரிகையை வாசிக்கும் ஆசிரியரும், வைத்தியரும், வழக்கறிஞரும், பொறியியலாளருமே!

மலைநாட்டில் பிறந்து, லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பட்டம் பெற்றுப் பட்டணம் சென்றவர்களிற் பலர் முதலிற் செய்வது என்ன? தாயின் பேச்சை வாயிலிருந்து துடைத்தெறிகின்றனர். 'பெரட்டு' என்று சொல்ல நாக்கூசுகிறது. 'பீலிக்கரை' என்றால் பக்கத்து மேசைக்காரர் சிரிப்பாரோ என்று அஞ்சுகின்றனர். கவ்வாத்து, மடுவம், பிள்ளைக்காம்பரா, கைக்காசு இவையெல்லாம் கொச்சையாம், அகராதியில் இல்லையாம்!

அகராதியில் இல்லாதது சொல்லின் குற்றமா, அகராதியின் குற்றமா? 'காம்பரா' போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. 'இஸ்தோப்பு' ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. 'பெரட்டு' ஆங்கிலத் துரையிடமிருந்து வந்தது. இத்தீவை ஆண்ட மூன்று ஐரோப்பியரின் சுவடும் ஒரு தொழிலாளியின் ஒரு நாட் பேச்சில் பதிந்து கிடக்கிறது. இதைக் கொச்சை என்று ஒதுக்குபவர் தம் பாட்டன் முப்பாட்டன் வரலாற்றையே குப்பையிற் கொட்டுகிறார்.

மேடையிலே தமிழ் வாழ்க என்று முழங்குகிறோம். எந்தத் தமிழ்? செய்தி வாசிப்பவரின் தமிழ் மட்டுமா? செய்தி வாசிப்பவரின் தமிழை இயந்திரம் ஏற்கெனவே கற்றுவிட்டது. அதற்கு நம் முழக்கம் தேவையில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் தாயின் தமிழுக்கே வழக்கறிஞர் தேவை. அவருக்கு வழக்காட வேண்டியவர் நாணி ஒதுங்கி நிற்பது நியாயமா என்று கேட்கிறோம்.

தராசுக்குக் கண் முளைக்கும்போது

காதுக்கு நேர்ந்தது கண்ணுக்கும் நேரும். 2012-இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தார் மூவர் செய்த 'அலெக்ஸ்நெட்' என்னும் இயந்திரம் படங்களை இனங்காணும் போட்டியில் மற்றெல்லாரையும் பின்தள்ளிற்று. இரண்டாவதாக வந்தவர் நூற்றுக்கு 26 பிழை விட்ட இடத்தில் அது விட்டது 15. அன்று தொடங்கியது இந்தப் பாய்ச்சல். அவ்வெற்றிக்கு அடிப்படையான 'இமேஜ்நெட்' படத்தொகுப்புக்குப் பெயர் ஒட்டியவர்கள் யார்? இணையத்தின் வழியே சில்லறைக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏறத்தாழ 49,000 பேர். 'இது நாய், இது பூனை, இது மேசை' என்று ஒவ்வொரு படத்துக்கும் அவர்கள் சொல்லிச் சொல்லித்தான் இயந்திரத்துக்குக் கண் திறந்தது. புகழ் ஆய்வுக்கூடத்துக்கு, கொழுந்து பறித்த கைக்கு யார் பெயர் போட்டார்? மலைநாட்டாருக்கு இக்கதை புதிதா?

தேயிலைத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்துக் காம்பையும் தூளையும் பிரிக்கும் இயந்திரம் பழகிப்போன பொருள். தேயிலையின் நோயையும் கொழுந்தின் தரத்தையும் படத்தைக் கொண்டு அறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. நோயைக் காணும் கண் வரட்டும், வரவேற்கிறோம். 1869-இல் கோப்பிச் செடியின் இலையில் துருநோய் தோன்றியபோது காலத்தோடு காண ஒரு கண் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! மரக்கறி பயிரிடும் விவசாயி தன் உருளைக்கிழங்கு இலையைப் படமெடுத்து, இது இன்ன நோய் என்று உடனே அறிய முடிந்தால் அது நாட்டுக்கு நன்மை.

ஆனால் அதே கண் தராசின் மேல் வந்து உட்காரும்போது என்ன ஆகும்? இது நல்ல கொழுந்து, இது முற்றல் என்று இயந்திரத்துக்குக் கற்பிக்க ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் தீர்ப்பு எழுத ஒருவர் வேண்டும். அவர் யார்? நிருவாகத்தின் ஆள் மட்டுமே எழுதினால் இயந்திரம் நிருவாகத்தின் கண்ணோடுதான் பார்க்கும். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிக்கும் கணக்கப்பிள்ளையிடமாவது தொழிலாளி வாதாடலாம், சண்டை பிடிக்கலாம், சங்கத்தைக் கூட்டலாம். 'இயந்திரம் சொல்லிவிட்டது' என்றால் யாரிடம் வாதாடுவது? பிழை செய்யாது என்ற பெயரோடு வரும் கணக்கப்பிள்ளை எல்லாக் கணக்கப்பிள்ளையினும் கொடியவன்.

பதிவு இல்லாதவன்

பதிவில் இல்லாமற் போவதன் பொருள் என்ன என்பதை இந்நாட்டில் மலைநாட்டுத் தமிழனைவிட அறிந்தவர் எவருமிலர். 1948-இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. முன்னோர் இத்தீவிற் பிறந்ததற்குக் கடதாசி காட்டு என்றது. காட்டைத் திருத்தி மலையைப் பொன்னாக்கிய கைகளில் தழும்பு இருந்தது, கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். அக்கொடுமையைத் துடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மொழியின் கதையும் அதுவே. 1956-இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாயிற்று. 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. ஏட்டில் வந்த உரிமை அலுவலகத்துக் கவுண்டருக்கு எத்தனை தூரம் வந்தது என்பதை, தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொல்வார்கள்.

இனி வருவது மூன்றாவது பதிவு. கடதாசியில் இல்லாதவன் நாடற்றவனானான். ஒலிப்பதிவில் இல்லாதவன் நாவற்றவனாவான்! சட்டம் எதுவும் இயற்றாமல், வாக்கெடுப்பு எதுவும் நடத்தாமல், எவர் மீதும் பகைமை பாராட்டாமல் இது நடந்தேறும். பகைவனை எதிர்க்கலாம், பகையே இல்லாத புறக்கணிப்பை எங்ஙனம் எதிர்ப்பது? அதனாற்றான் இப்போதே எழுதுகிறோம்.

இரு சாராருக்கு மறுமொழி

இயந்திரமே வேண்டாம், அடித்து நொறுக்குவோம் என்பார் ஒரு சாரார். அவர்தம் சினம் நமக்குப் புரிகிறது. 2023-இல் கென்யாவின் கெரிச்சோ மலைகளில், கொழுந்து பறிக்கும் இயந்திரங்களால் வேலையிழந்தோர் அவ்வியந்திரங்களுக்குத் தீ வைத்தனர். வயிறு எரிந்ததால் வைத்த தீ அது. ஆனால் எரிக்கக் கையில் அகப்படுவது இரும்பு. பேச்சறி இயந்திரம் கையில் அகப்படுவதில்லை. அது கடல் கடந்த ஊரில் எங்கோ ஒரு மண்டபத்தில் இருக்கிறது. நாம் விலகி நின்றால் அது நின்றுவிடாது. நம்மை விட்டுவிட்டு நடக்கும்.

பெரிய நிறுவனங்கள் வருவார்கள், கேட்டதைக் கொடுத்துவிடுவோம், இலவசமாகத் தமிழ் வளரும் என்பார் மறு சாரார். அவர்களுக்கு நாம் சொல்வது: நம் பாட்டனும் இப்படித்தான் கேட்டான். இலங்கையில் தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடைக்கும் என்று கங்காணி சொல்லக் கேட்டுத்தான் கப்பலேறினான். இன்று தரவுக் கங்காணிகள் புறப்பட்டிருக்கின்றனர். அதே கென்யாவில், இயந்திரம் நாகரிகமாகப் பேசும்படி அருவருப்பான எழுத்துக்களை எல்லாம் படித்துப் பிரித்துக் கொடுத்தவர்களுக்கு மணித்தியாலத்துக்கு இரண்டு டொலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்தது என்பதை 2023-இல் 'டைம்' சஞ்சிகை வெளிப்படுத்திற்று. குரல் நம்முடையது, வயல் நம்முடையது, விளைச்சலை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டுமாம்!

நிரை பிரிக்கும் வித்தை

அப்படியானால் வழி என்ன? வழி அந்த விஞ்ஞானத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மலைநாட்டாருக்குப் பேராசிரியர் தேவையில்லை.

இவ்வளவு பெரிய கல்வியை ஒரே கணினி செய்து முடிக்க இயலாது. ஆகையால் வேலையைப் பல நூறு, பல ஆயிரம் கணினிகளுக்குப் பங்கிடுகின்றனர். பெரட்டிலே ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை கொடுப்பது போல, ஒவ்வொரு கணினிக்கும் தரவில் ஒரு பங்கு. ஒவ்வொன்றும் தன் பங்கைப் படித்து, எண்களை எப்பக்கம் எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கிடுகிறது. பின்பு எல்லாத் திருத்தங்களையும் ஒன்றுசேர்த்துச் சராசரி கண்டு அனைவரும் அதையே ஏற்கின்றனர். இதைப் பகிர்ந்த பயிற்சி என்பர்.

2016-இல் கூகிள் ஆய்வாளர் இதை இன்னோர் அடி முன்னே கொண்டு சென்றனர். தரவை ஏன் ஓரிடத்தில் குவிக்க வேண்டும்? அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பாடம் தரவிடம் வரட்டும். கற்ற திருத்தம் மட்டும் நடுவிடம் போகட்டும் என்றனர். கைத்தொலைபேசிகளின் விசைப்பலகையில் இம்முறை செயலுக்கும் வந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரில் சமஷ்டி என்று பொருள்படும் சொல்லே இருக்கிறது! இந்நாட்டில் அச்சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்போர் உளர். விஞ்ஞானம் அவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. அவரவர் உடைமை அவரவரிடம் இருக்க, பொதுப் பணியைக் கூடிச் செய்யலாம் என்பது கணக்கிலும் மெய்யாயிற்று.

இதுவே சர்வரோக நிவாரணி என்று நாம் ஏமாற்ற மாட்டோம். அனுப்பப்படும் திருத்தங்களிலிருந்தே மூலத் தரவைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க இயலும் என்று 2019-இல் ஆய்வாளர் காட்டினர். நடுவிலிருந்து சேர்ப்பவர் யார், சேர்த்த பொருள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. வேலிக்குப் பூட்டுப் போட்டால் மட்டும் போதாது. திறவுகோல் யார் கையில் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நற்செய்தியும் உண்டு. முன்னாளில் பேச்சறி இயந்திரம் செய்ய, எழுதிய உரையோடு கூடிய ஒலிப்பதிவு ஆயிரக்கணக்கான மணித்தியாலம் தேவைப்பட்டது. 2020-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர் வெளியிட்ட முறையில், எழுத்துரை இல்லாத வெறும் பேச்சையே முதலில் இயந்திரம் கேட்கிறது. பேச்சின் சில துண்டுகள் மறைக்கப்படுகின்றன; மறைந்தது எது என்று அது ஊகித்துப் பழகுகிறது. இவ்வாறு 53,000 மணித்தியாலம் கேட்ட பிறகு, எழுத்துரையோடு கூடிய பத்தே நிமிட ஆங்கில வாசிப்பைக் கொண்டு அது வியக்கத்தக்க அளவு திருத்தமாக எழுதக் கற்றது. நம் மலைப் பேச்சுக்குப் பத்து நிமிடம் போதாது. காற்றும் மழையும் கலந்த இயல்பான பேச்சு வாசிப்பைவிடக் கடினம். ஆயினும் பல மொழிகளைக் கேட்டுப் பழகிய இயந்திரங்கள் இன்று யாவரும் எடுத்தாளக் கிடைக்கின்றன. அவற்றுக்கு நம் பேச்சைப் புகட்டக் கோடிக்கணக்கான ரூபா வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்திலுள்ள ஓரிரு நல்ல கணினிகளும், சில நூறு மணித்தியாலப் பதிவும், பிழையறத் தமிழெழுதும் சில நூறு கைகளும் போதும்.

சிறுபான்மையர் செய்து காட்டினர்

இது கனவு என்பீரேல் நியூசிலாந்தைப் பாருங்கள். அங்குள்ள மயோரி மக்கள் தொகையாற் சிறியவர். மொழி அழியும் தறுவாயில் இருந்தவர். அவர்தம் வானொலி நிலையமான 'தே ஹிக்கு மீடியா' 2018-இல் தம் மக்களை அழைத்தது. பத்தே நாளில் ஏறத்தாழ 2,500 பேர் பேசினர். 300 மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட பேச்சு சேர்ந்தது. அதைக் கொண்டு தம் மொழிக்குப் பேச்சறி இயந்திரத்தைத் தாமே செய்தனர். குரற்பதிவை வெளியார்க்கு விற்க மறுத்து, இக்குரல்களுக்கு நாம் காவலர், மக்களின் நன்மைக்கு மட்டுமே வழங்குவோம் என்று உரிமப் பத்திரமும் எழுதிக்கொண்டனர்.

பத்து நாள்! நாம் ஒரு திருவிழாவுக்குத் தோரணம் கட்டும் காலம் அது.

நாம் கேட்பவை

ஆகவே வெறும் புலம்பலோடு நிறுத்தாமல் நாம் கேட்பவற்றை வரிசையிட்டுச் சொல்கிறோம்.

முதலாவது, மடுல்கெல்லையிலிருந்து தொடங்கட்டும் ஒலிப்பதிவு. ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவரும் லயம் லயமாகச் செல்லட்டும். கவ்வாத்து வெட்டுபவர், கொழுந்தெடுப்பவர், தொழிற்சாலையில் நிற்பவர், பிள்ளை பெற்றவர், முதியவர் எல்லாரும் தம் சொந்த வாயாற் பேசட்டும். எதற்காகப் பதிகிறோம் என்று விளங்கச் சொல்லி, விரும்பினாரின் சம்மதம் மட்டுமே பெற வேண்டும். பேசிய நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். நாளை வேண்டாம் என்றால் அழித்துவிடவும் வேண்டும்.

இரண்டாவது, அக்குரல்கள் ஒரு பொறுப்புச் சபையின் காவலில் இருக்க வேண்டும். அச்சபையில் பெரும்பான்மையினர் தொழிலாளரே, அதிலும் பெண்களே இருத்தல் வேண்டும். தனியார் தரவுப் பாதுகாப்புக்கென 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. பின்னர் அது நடைமுறைக்கு வரும் நாள் தள்ளியும் போடப்பட்டது. சட்டம் வந்து காக்கும் என்று காத்திருப்போர் நம் வரலாறு அறியாதவர்.

மூன்றாவது, மடுல்கெல்லையிலிருந்து சிறு தொலைவில் பேராதனைப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அதன் பொறியியற் கூடங்களும் மொறட்டுவையின் மொழியாய்வுக் கூடமும் இப்பணிக்குக் கணினியும் அறிவும் தரட்டும். மலைநாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பயில்கின்றனர். அவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஆய்வுப் பொருள் வேறெது?

நான்காவது, அரசாங்க அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ நியாயசபையிலோ தமிழைக் கேட்டு எழுதும் எந்த இயந்திரத்தையும், மலைநாடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் எனப் பல வழக்குகளிலும் சோதித்து, பிழை எத்தனை வீதம் என்பதை மக்களுக்கு அறிவிக்காமல் நிறுவலாகாது. இயந்திரம் எழுதியதைப் படித்துக் காட்டித் திருத்தும் மனிதர் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். தமிழை அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொல்வது மெய்யானால் இது சலுகையன்று, கடமை.

ஐந்தாவது, தொழிற்சங்கங்களுக்கு. சம்பளத்துக்காகப் போராடும் நீங்கள் தராசின் கண்ணையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு வாருங்கள். இயந்திரத்தின் தீர்ப்பால் மட்டும் ஒரு கிலோவும் கழியக்கூடாது. கொழுந்தின் படங்களுக்குத் தரம் எழுதும் இடத்தில் கொழுந்தெடுப்பவரும் உட்கார வேண்டும். மறுநிறுவை கேட்கும் உரிமை எழுத்தில் வேண்டும்.

இவை மிகையான கோரிக்கைகளா? பேசுவது பேசியபடி எழுதப்பட வேண்டும், பறித்தது பறித்தபடி நிறுக்கப்பட வேண்டும் என்பதற்கு மேல் நாம் எதைக் கேட்டோம்?

மடுல்கெல்லையை விட்டு நாம் இறங்கியபோது இருட்டிவிட்டது. வழிவரை வந்த மகள் சொன்னார்: "அந்தச் சொல்லெல்லாம் நான் கொப்பியில எழுதத் தொடங்கிட்டேன். அம்மா சொல்லச் சொல்ல இருநூறு சேர்ந்திருச்சு." அந்தக் கொப்பி ஒன்றே நம் முதற் பதிவுப் புத்தகம். இதை வாசிக்கும் ஆசிரியரே, வைத்தியரே, பொறியியலாளரே, விவசாயத் தோழரே! உங்கள் வீட்டிலும் ஒரு தாய் உண்டு. அவர் பேசும்போது நீங்கள் நாணித் தலைகுனிந்த நாளும் ஒன்று உண்டு. இந்தக் கிழமை அவர் எதிரே அமருங்கள். பேசச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்.

'பெரட்டுக்குத்தான் போனேன்னு அதுக்கு யாரு சொல்றது?' என்று அந்தத் தாய் கேட்டார்.

நாம் சொல்வோம்!